ஆடினால் ஆறு மாதம்!

பிரேசில் நாட்டின் பழைய தலைநகரம் சால்வடோர். அந்நகரின் மேட்டுப் பகுதியில், கல் பாவிய சரிவான சதுக்கம் ஒன்று உண்டு. நீலமும் மஞ்சளும் தீட்டிய மாளிகைகள், வான் நோக்கி நிற்கும் மாதா கோயில் கோபுரங்கள், கண்டோர் வியக்கும் வேலைப்பாடு! அந்தச் சதுக்கத்தின் பெயர் பெலோரின்யோ. காதுக்கு இனிக்கும் இந்தப் பெயருக்குப் பொருள் என்ன தெரியுமா? சாட்டைக் கம்பம்! அடிமைகளைக் கட்டி வைத்து, ஊரார் காணச் சவுக்கால் அடிப்பதற்கென்றே நட்ட கம்பம். கம்பத்தைப் பிடுங்கிவிட்டனர், பெயர் நின்றுவிட்டது.

1955ல் அச்சதுக்கத்தின் 19ஆம் எண் கட்டடத்தில் ஒரு பள்ளி குடியேறியது. அதன் ஆசான் 66 வயதான கருப்பினக் கிழவர். மெலிந்த மேனி, கூர்ந்த பார்வை. விசென்டே ஃபெரெய்ரா பாஸ்தின்யா என்பது பெயர். அவர் கற்பித்தது கபோய்ரா எனும் கலை. ஆட்டம் என்பர் சிலர், சண்டை என்பர் சிலர், இரண்டுமே உண்மை. சூழ நிற்போர் பாட, வில் போன்றதொரு கருவி அதிர, இருவர் வட்டத்துக்குள் இறங்குவர். கை தரையில் ஊன்றும், கால் வானில் சுழலும். உதை வரும்; உடல் வளையும்; உதை மயிரிழையில் தப்பிப் போகும். சாட்டைக் கம்பத்தில் கட்டுண்டவர்களின் வழித்தோன்றல்கள், அந்தக் கம்பத்தின் பெயர் சுமந்த இடத்திலேயே, பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்புவரை குற்றவியல் சட்டம் குற்றமென்று கூறிவந்த கலையைப் பயின்றனர்!

இக்கலையின் வரலாற்றை இளைஞர்கள் அறிந்திட வேண்டும் என்று நாம் கருதுவதற்குக் காரணம் உண்டு. கபோய்ராவை ஒடுக்கிட முனைந்தவர்களில் மன்னனின் ஆட்களும் இருந்தனர், உண்மை. ஆனால் அதற்கெனத் தனிச் சட்டம் தீட்டிச் சிறைக் கதவைத் திறந்து வைத்தவர்கள், மன்னனை விரட்டியவர்கள்! முன்னேற்றம் பேசியவர்கள்! பிறகு அதே கலையை நாட்டின் பெருமை எனத் தூக்கி வைத்துக் கொண்டாடியவர்கள், கலையை மட்டும் உள்ளே அழைத்துக் கலைஞனை வாயிலில் நிறுத்தினர்.

ஆப்பிரிக்கக் கரையில் விலங்கு பூட்டி, கப்பலின் அடித்தட்டில் அடுக்கி, அட்லாண்டிக் கடலைக் கடத்திப் பிரேசிலில் இறக்கப்பட்ட மக்கள் ஏறத்தாழ 48 லட்சம். அமெரிக்கக் கண்டங்களில் உயிரோடு கரை சேர்க்கப்பட்ட அடிமைகளில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் இந்த ஒரே நாட்டில் இறக்கப்பட்டவர்கள். கரும்பு பிழிய அவர்கள். தங்கம் தோண்ட அவர்கள். காப்பி பறிக்க அவர்கள். சீமாட்டியின் பல்லக்கைத் தூக்கவும் அவர்களே. 1831ல் அடிமை இறக்குமதியைத் தடுத்து ஒரு சட்டம் பிறந்தது. ஏட்டிலே இருந்தது, துறைமுகத்திலே இல்லை. 'ஆங்கிலேயன் பார்வைக்கு' என்று இன்றும் அந்நாட்டார் கேலியாகச் சொல்லும் சொற்றொடர் இந்தச் சட்டத்தையொட்டிப் பிறந்தது என்பர். 1850ல் இன்னொரு சட்டம் வந்த பிறகே கப்பல்கள் நின்றன. அடிமை முறை ஒழிந்த நாள் 1888 மே 13. அமெரிக்கக் கண்டங்களில் அதைக் கடைசியாகக் கைவிட்ட நாடு பிரேசில். 'பொற்சட்டம்' என்று புகழ்கின்றனரே, அதில் இருப்பது இரண்டே விதிகள். அடிமை முறை ஒழிந்தது என்பது ஒன்று. இதற்கு மாறான சட்டங்கள் செல்லா என்பது மற்றொன்று. நிலம்? இல்லை. மூன்று நூற்றாண்டு உழைப்புக்குக் கூலி? இல்லை. பள்ளிக்கூடம்? அதுவும் இல்லை. விலங்கைக் கழற்றினர், வெறுங்கையோடு வீதியில் விட்டனர்.

அடுத்த ஆண்டு, 1889 நவம்பர் 15ல் முடியாட்சி சாய்ந்தது. குடியரசு மலர்ந்தது. புதிய கொடியில் 'ஒழுங்கும் முன்னேற்றமும்' என்று பொறித்தனர். பிரெஞ்சு அறிஞர் ஆகஸ்ட் கோம்ட் வகுத்த கொள்கையிலிருந்து எடுத்த சொற்கள் அவை. மதகுருக்களின் பிடியிலிருந்து அரசை விடுவிப்போம், அறிவியலின் வழியில் நாட்டை நடத்துவோம் என்றனர். அந்த அணியில் அடிமை முறையை உறுதியாக எதிர்த்து வாதாடியவர்களும் இருந்தனர் என்பதை மறைக்க நாம் விரும்பவில்லை. ஆயினும், அந்தக் குடியரசு தன் முதல் முழு ஆண்டிலே, 1890லே, என்ன செய்தது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

ஜூன் திங்களில் ஓர் ஆணை. உழைக்க வல்லோர் எவரும் பிரேசிலில் குடியேறலாம், ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பிறந்தோர் நீங்கலாக என்றது. அவர்கள் வர வேண்டுமானால் நாடாளுமன்றத்தின் தனி ஒப்புதல் வேண்டுமாம். (ஆசியாவில் பிறந்த நாமும் அந்தக் கதவுக்கு வெளியேதான்!) அக்டோபர் 11ல் புதிய குற்றவியல் தொகுப்பு. 'வேலையற்றுத் திரிவோரும் கபோய்ராக்களும்' என்பது அதிலே ஓர் அத்தியாயத்தின் தலைப்பு. 402ஆம் விதியின்படி, வீதியிலோ பொதுவிடத்திலோ கபோய்ரா எனும் உடல்திறப் பயிற்சியைச் செய்பவனுக்கு இரண்டு முதல் ஆறு மாதம் சிறை. கூட்டமாகச் சேர்ந்து ஆடினால் குற்றம் கூடும். தலைவனுக்குத் தண்டனை இரட்டிப்பு. மீண்டும் ஆடிச் சிக்கினால், ஒன்று முதல் மூன்று ஆண்டு, தீவிலோ எல்லைப்புறத்திலோ உள்ள தண்டனைக் குடியிருப்பில். டிசம்பரில் மூன்றாவது ஆணை. நிதியமைச்சர் ரூயி பார்போசா, அரசுக் கருவூலங்களில் இருந்த அடிமைப் பதிவேடுகளை அழித்துவிடக் கட்டளையிட்டார். நாட்டின் களங்கத்தைத் துடைப்பதாகச் சொல்லப்பட்டது. அடிமைகளை இழந்த எசமானர்கள் 'எங்களுக்கு இழப்பீடு கொடு' என்று கணக்கோடு வந்து நிற்காதிருக்கவும் அது உதவியது என்பது மெய். அந்த அளவுக்கு நன்மையே. ஆனால் தன் பாட்டன் எந்தக் கப்பலில் வந்தான், எவனுக்கு விற்கப்பட்டான் என்று தேட நினைக்கும் பேரனுக்கும் அந்தத் தீ பதில் சொல்லாமற் போயிற்று.

கருப்பர் இனி வரக்கூடாது, வந்தவர் ஆடக்கூடாது, வந்த கதை ஏட்டில் இருக்கக்கூடாது! ஓராண்டிலே முடிந்த வேலை இது. நிலமற்றவனை வேலையற்றவன் என்பது, வேலையற்றவனைக் குற்றவாளி என்பது, பிறகு அவன் உடல் அசைந்தாலே அதற்கு ஒரு விதி எண் கொடுப்பது! பகுத்தறிவின் பெயரைச் சொல்லிக்கொண்டு இதைச் செய்தனரே என்பதுதான் நம்மைச் சுடுகிறது.

குடியரசு பிடித்து அடைக்கத் துடித்த இந்தக் கலை அதற்கு முன் எங்கே இருந்தது? 1789ல் ரியோ டி ஜெனிரோ நீதிமன்றப் பதிவொன்றில் கபோய்ராக் குற்றத்துக்காகப் பிடிபட்ட அடாவ்ன் எனும் அடிமையின் பெயர் காணப்படுகிறது. 1820களில் ரியோவில் தங்கிய ஆங்கில ஓவியர் அகஸ்டஸ் ஏர்ல் ஒரு சிறு ஓவியம் தீட்டினார். இரு கருப்பர் கால்வீசி நிற்கின்றனர். பின்னாலே வேலியைத் தாண்டிக் காலெடுத்து வைக்கிறான் போலீஸ்காரன்! ஆட்டமும் அடக்குமுறையும் ஒரே சட்டத்துக்குள் அடங்கிய ஓவியம். 1835ல் வெளியான ருகெண்டாஸ் என்ற செர்மானிய ஓவியரின் படத்தில் முரசு இருக்கிறது; இன்று கபோய்ராவின் அடையாளமாக விளங்கும் வில்கருவி இல்லை. அந்நாளில் அந்த வில், சந்தையிலே கூவி விற்போரிடமும் பார்வையற்ற பாடகரிடமும் இருந்தது. பின்னரே அது வட்டத்துக்கு வந்து தலைமை ஏற்றது.

ரியோ நகரில் கபோய்ராக்காரர்கள் கூட்டம் கூட்டமாக இயங்கினர். நாகோவா, குவையாமு என இரு பெரும் பிரிவுகள். கத்தியும் இருந்தது, குத்தும் இருந்தது. அவர்களை அப்பழுக்கற்ற வீரர்களாக வரைந்து காட்ட நாம் முற்படவில்லை. தேர்தல் காலத்தில் மாற்றான் கட்சியாரை மிரட்ட அவர்களைக் கூலிக்கு அமர்த்தியவர்கள் யார்? வெள்ளைச் சட்டையணிந்த அரசியல்வாதிகள்! 1864ல் தொடங்கி 1870 வரை நடந்த பராகுவே போரில் சாவதற்கு அவர்களைப் பிடித்தனுப்பியதும் அதே மேட்டுக்குடி. வேலை முடிந்தது, வேட்டை தொடங்கியது. குடியரசின் முதல் போலீஸ் தலைவர் சம்பாயோ ஃபெராஸ், சட்டத் தொகுப்பு வருமுன்னரே அவர்களைப் பிடித்து, கடல் நடுவே கிடக்கும் ஃபெர்னாண்டோ டி நொரோன்யா தீவுக்குக் கப்பலேற்றினார்.

அந்த வேட்டையில் ஒரு வேடிக்கை நடந்தது. 1890 ஏப்ரலில் பிடிபட்டவர்களில் ஒருவன் ஜூக்கா ரெய்ஸ். மட்டோசின்யோஸ் பிரபுவின் மகன்! ஏழைகள் நூற்றுக்கணக்கில் கப்பலேறியபோது இமை அசைக்காத அமைச்சரவை, இந்த ஒருவனுக்காக ஆடிப் போயிற்று. வெளிநாட்டு அமைச்சர் கின்டினோ பொகாயுவா பதவி விலகுவேன் என்றார். போலீஸ் தலைவரோ விடவில்லை. வாக்குவாதம் பல நாள் நடந்தது. கடைசியில் பிரபு மகனும் தீவுக்குப் போனான். பிடிவாதத்தைப் பாராட்டலாம்தான். ஆனால் ஒரு பிரபுவின் பிள்ளை சிக்கிய பிறகுதானே அந்த வேட்டை கடுமையானது என்பது அமைச்சர்களின் கண்ணுக்குப் பட்டது!

இங்கே இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். கபோய்ராவைப் பற்றிப் பல கதைகள் உலவுகின்றன. கையில் விலங்கு பூட்டியிருந்ததால்தான் காலால் சண்டையிட்டனர் என்பது ஒரு கதை. எசமானனை ஏமாற்றவே சண்டையை நடனமாக மறைத்தனர் என்பது மற்றொன்று. தப்பியோடிய அடிமைகள் 17ஆம் நூற்றாண்டில் அமைத்த பால்மாரெஸ் குடியரசிலே தலைவன் சும்பி கபோய்ரா பயிற்றுவித்துப் படை நடத்தினான் என்பது இன்னொன்று. பால்மாரெஸ் உண்மை. 1694ல் அதைப் பீரங்கி கொண்டு தகர்த்ததும், 1695 நவம்பர் 20ல் சும்பி கொல்லப்பட்டதும் உண்மை. அங்கே கபோய்ரா இருந்ததென்பதற்கு ஏட்டுச் சான்று ஏதும் கிட்டவில்லை. விலங்குக் கதைக்கும் இல்லை. அங்கோலாவின் தென்பகுதியில் காலால் ஆடும் போர் விளையாட்டு உண்டு, அதற்கும் இதற்கும் உறவு இருக்கலாம் என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து, மறுப்போரும் உளர்.

சாந்து அமாரு எனும் சிற்றூரில் வாழ்ந்த பெசோரோ என்ற கபோய்ராக்காரனைப் பற்றிய கதை இன்னும் சுவையானது. பெசோரோ என்றால் வண்டு. போலீசார் சூழ்ந்தால் வண்டாக மாறிப் பறந்து விடுவானாம். குண்டு அவன் மேல் பாயாதாம்! 1924ல் அவன் வயிற்றில் காயத்தோடு அந்த ஊர் மருத்துவமனைக்கு வந்து இறந்தான் என்று பதிவேடு கூறுகிறது. மாண்டவனின் இயற்பெயர் மனோயெல் என்ரிக்கே பெரெய்ரா. உழைத்துப் பிழைத்த இளைஞன். வண்டுக் கதையைச் சிரித்து ஒதுக்குவது எளிது. போலீஸ் கையில் சிக்காத ஒருவனாவது தங்கள் கூட்டத்தில் இருக்கட்டும் என்று ஏங்கிய மக்களின் நெஞ்சம் அதிலே தெரிகிறதே, அதையும் காணத் தவறக்கூடாது. பகைவர் கூறும் பொய்யை உரைத்துப் பார்க்கும் நாம், நமக்கு இனிக்கும் கதையையும் அதே கல்லில் உரைத்துப் பார்ப்போம். உண்மையே போதிய அளவு வீரம் கொண்டது.

ரியோவில் கபோய்ராவை நசுக்கி விட்டனர். பாகியா மாநிலத்திலே, சால்வடோரிலும் அதைச் சூழ்ந்த கரும்புச் சீமையிலும் அது உயிர்த்திருந்தது. 1920களில் அங்கே பெட்ரிட்டோ என்று அழைக்கப்பட்ட போலீஸ் அதிகாரி குதிரைப் படையோடு வீதிவலம் வந்தார். கபோய்ரா வட்டங்களைக் கலைத்தார்; கண்டோம்ப்ளே எனும் ஆப்பிரிக்க வழிபாட்டு மனைகளில் புகுந்து முரசுகளைப் பறித்தார். குதிரைக் குளம்பொலியைப் போலவே வில்கருவியில் வாசிக்கும் ஒரு தாளம் இன்றும் உண்டு. 'குதிரைப் படை' என்றே அதற்குப் பெயர். போலீஸ் வருகிறது என்று எச்சரிக்கப் பிறந்த தாளம் என்று ஆசான்மார் சொல்லி வருகின்றனர்.

கண்டோம்ப்ளே கடவுள்களை நாம் ஏற்கிறோமா? இல்லை, எந்தக் கடவுளையும் ஏற்பவர் அல்லவே நாம்! ஆனால் மாதா கோயில் மணி ஒலிக்கலாம், கருப்பன் வீட்டு முரசு ஒலிக்கக்கூடாது என்றால், அங்கே ஒடுக்கப்படுவது மூடநம்பிக்கை அன்று, மனிதன். பாகியாவில் அந்த மனைகள் போலீசிடம் பதிவு செய்து உரிமம் பெற வேண்டும் என்ற விதி 1976 வரை இருந்தது. ரியோவில் போலீசார் பறித்துச் சென்ற முரசுகளும் பூசைப் பொருள்களும், போலீஸ் அருங்காட்சியகத்திலிருந்து குடியரசு அருங்காட்சியகத்துக்கு மாறியது 2020ல்! ஒரு மாதா கோயில் மணியைப் போலீசார் நூறாண்டு பூட்டி வைத்திருப்பரா?

இந்த இருளில்தான் மானுவெல் தோஸ் ரெய்ஸ் மச்சாடோ தோன்றினார். பிம்பா என்றால்தான் ஊருக்குத் தெரியும். துறைமுகத்திலே சுமை தூக்கியவர். தச்சு வேலை செய்தவர். 1932ல் சால்வடோரில் பள்ளி தொடங்கினார். கபோய்ரா என்ற சொல் சட்டப் புத்தகத்தில் குற்றத்தின் பெயர். ஆகவே அந்தச் சொல்லையே விட்டுவிட்டு, 'பாகியா வட்டாரப் போர்முறை' என்று தம் கலைக்குப் பெயர் சூட்டினார். உதைகளையும் தப்புகளையும் வரிசைப்படுத்திப் பாடத்திட்டம் வகுத்தார். 1937ல் மாநிலக் கல்வித்துறை அவரது பள்ளியை உடற்பயிற்சிப் பள்ளியாகப் பதிவு செய்தது. 402ஆம் விதி இன்னும் உயிரோடிருந்த நேரம் அது! 1940ல் எழுதப்பட்டு 1942ல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் தொகுப்பில் கபோய்ரா இல்லை. 1953ல் குடியரசுத் தலைவர் கெட்டுலியோ வர்காஸ் முன்னிலையில் பிம்பாவின் மாணவர்கள் ஆடிக் காட்டினர். இதுவே நம் நாட்டின் உண்மையான தேசிய விளையாட்டு என்று வர்காஸ் பாராட்டியதாகக் கூறுவர்.

பிம்பாவின் பள்ளியில் சேர ஒரு நிபந்தனை இருந்தது. மாணவனாயிருக்க வேண்டும், அல்லது வேலையில் இருப்பதற்குச் சான்று காட்ட வேண்டும். மருத்துவக் கல்லூரி மாணவர்கள் வந்தனர். வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகள் வந்தனர். கலையைப் பெற்றெடுத்த வேலையற்ற ஏழைக்கு வாயில் அடைபட்டது! இதைச் சொல்லிப் பிம்பாவைக் குறை கூறுவோர் உண்டு. நாம் அவர்களோடு சேரமாட்டோம். வேலையின்மையே குற்றமென்று சட்டம் சொன்ன நாட்டில், தம் மாணவர் கையில் விலங்கு விழாதிருக்க அவர் தேடிய கேடயம் அந்தச் சான்றிதழ். கேடயம் ஏந்தியவனை விட்டு, ஈட்டி எறிந்தவனைக் கேட்க வேண்டும்.

பாஸ்தின்யாவின் வழி வேறு. அவர் பிறந்தது 1889ல். குடியரசுக்கும் அவருக்கும் ஒரே வயது. தந்தை ஸ்பானியர், தாய் பாகியாவின் கருப்பினப் பெண். சிறுவனாக இருந்தபோது தெருவில் தன்னைவிடப் பெரிய பையனிடம் நாளும் அடிவாங்கியதைச் சன்னல் வழியே கண்ட பெனெடிட்டோ என்ற ஆப்பிரிக்க முதியவர், கூப்பிட்டுக் கற்றுக் கொடுத்தாராம். 1941ல் சால்வடோரின் கபோய்ராக்காரர்கள் தங்கள் கூட்டத்தின் தலைமையை அவரிடம் ஒப்படைத்தனர். 'அங்கோலா கபோய்ரா' என்று ஆப்பிரிக்கப் பெயரையே சூட்டி, கபோய்ரா என்ற சொல்லையும் விடாமல், பள்ளி நடத்தினார்.

அந்தப் பள்ளியில் கற்கும் முறையைச் சற்று விரித்துரைக்க விரும்புகிறோம். இன்றும் அந்த மரபின் குழுக்களில் அவ்வாறே கற்கின்றனர். வட்டத்துக்கு ரோடா என்று பெயர். வட்டத்தின் தலைமாட்டில் எட்டுக் கருவிகள்: மூன்று பெரிம்பாவ் எனும் வில்கருவி, இரண்டு கஞ்சிரா போன்றவை, ஒரு நெடுமுரசு, இரட்டை மணி ஒன்று, பல்வெட்டிய மூங்கிலைக் குச்சியால் உரசும் கருவி ஒன்று. ஆட்டத்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் தாழ்ந்த குரலுடைய பெரிம்பாவ். அதற்குக் குங்கா என்று பெயர். எவ்வளவு பெரிய வீரனாயினும் குங்கா அழைத்தால் ஆட்டத்தை நிறுத்தி அதன் காலடிக்கு வந்தாக வேண்டும்.

பெரிம்பாவைக் கடையில் வாங்கி வருவதோடு கல்வி முடிவதில்லை. செய்யவும் கற்க வேண்டும். பிரிபா மரத்துக் கொம்பை வெட்டிச் சீவி வளைக்க வேண்டும். தந்தி எங்கே கிடைக்கும்? தேய்ந்து எறிந்த மோட்டார் டயரின் ஓரத்தைக் கிழித்தால் உள்ளே எஃகுக் கம்பி, அதுதான் தந்தி! காய்ந்த சுரைக்குடுக்கை ஒன்றைக் கட்டினால் ஒலி பெருகும். ஒரு கையில் மெல்லிய குச்சியும் விதைகள் அடைத்த சிறு கூடைக் கிலுகிலுப்பையும். மறு கையில் தந்தியைத் தொட்டுச் சுரம் மாற்ற ஒரு நாணயம் அல்லது கூழாங்கல். பணக்காரன் எறிந்ததைப் பொறுக்கி ஏழை செய்த இசை என்று சொல்லத் தோன்றுகிறது.

ஆடுபவன் ஆடிவிட்டுப் போய்விட முடியாது. வெளியே வந்ததும் முரசைப் பிடிக்க வேண்டும், பாட வேண்டும், பிறர் ஆட இசைக்க வேண்டும். பாட்டறியாதவன் பாதிதான் கற்றவன். முதற்பாட்டை மூத்தவர் தனியே பாட, இருவரும் வில்லின் கீழே குந்திக் கேட்பர். பாட்டு முடியுமுன் ஆட்டம் இல்லை. அந்தப் பாட்டிலே கப்பல் வரும், அங்கோலா வரும், மாண்ட ஆசான்மார் வருவர். பதிவேட்டை எரித்தவர்கள் இந்தப் பாட்டை எரிக்க முடியவில்லை. ஆட்டத்திலோ, எதிரியை வீழ்த்துவதைவிட, வீழ்த்தியிருக்கலாம் என்று காட்டிக் காலை நிறுத்துவதே தேர்ச்சி. வெள்ளை உடை உடுத்தி வந்து, தரையோடு தரையாக ஆடி, அழுக்குப் படாமல் எழுந்து போவது அந்நாளைய ஆசான்களின் செருக்கு. அடிவயிற்றில் சிரிப்பும், கண்ணில் எச்சரிக்கையும், எதிராளியின் நோக்கை முன்னுணரும் தந்திரமும் வேண்டும். குழந்தையும் கிழவரும் ஒரே வட்டத்தில் இறங்கலாம். வயதுக்கேற்ப ஆட்டம் தணியும். தனியே அறையில் நின்று இதைக் கற்கவே முடியாது. எதிரே ஒருவர், சுற்றிலும் பலர்! அவர்கள் இல்லையேல் கலையே இல்லை. 'கூட்டமாகச் சேர்ந்தால் குற்றம் கூடும்' என்று 1890ன் சட்டம் எழுதியதன் காரணம் இப்போது விளங்கும்.

1966ல் செனகல் நாட்டின் டக்கார் நகரில் உலகக் கருப்பினக் கலைவிழா நடைபெற்றது. பாஸ்தின்யா தம் மாணவர்களோடு பிரேசிலின் சார்பில் சென்றார். வயது 77, பார்வை மங்கிவிட்டது. கப்பலின் அடித்தட்டில் பிரிந்த கண்டத்துக்கு விமானத்தில் போய்ச் சேர்ந்த அந்த நாளை நினைத்தால் நெஞ்சு நிமிர்கிறது.

திரும்பி வந்தவருக்கு நாடு செய்த கைம்மாறு என்ன? பெலோரின்யோ கட்டடத்தைப் பழுது பார்க்கிறோம், முடிந்ததும் திரும்பி வரலாம் என்று சொல்லி 1971ல் அவரை வெளியேற்றினர். பழுது பார்த்து முடித்தனர். அங்கே உணவு விடுதி வந்தது. ஆசான் திரும்பி வரவில்லை, வரவிடவில்லை. இருக்கைகளும் கருவிகளும் சிதறின. பார்வை முற்றும் போய், முதியோர் இல்லத்தில் ஒதுங்கி, 1981 நவம்பர் 13ல் மாண்டார். பிம்பாவும் அப்படித்தான், பாகியா அரசு தம்மை மதிக்கவில்லை என்று மனம் கசந்து 1973ல் ஊரைவிட்டே போனார், அடுத்த ஆண்டு கோயானியா நகரில் இறந்தார். இராணுவ ஆட்சி நடந்த காலம் அது. கபோய்ராவை விளையாட்டெனப் பட்டியலிட்டுக் குத்துச்சண்டைக் கழகத்தின் கீழ் வைத்தனர், மதிப்பெண் போட்டனர், பட்டம் வழங்கினர். சுற்றுலாப் பயணிகளுக்கு மேடையில் ஆடிக் காட்டினர். கலைக்குப் பொற்காலம், கலைஞனுக்குப் பட்டினி! பாஸ்தின்யாவோடு டக்கார் போய் வந்த தலைமாணவர் ஜொவாவ்ன் கிராண்டே, சால்வடோரில் பெட்ரோல் நிலையத்தில் வேலை பார்த்தார்.

இந்த இடத்தில்தான் குழுக்கள் எழுந்தன. 1974ல் சால்வடோரின் லிபெர்டாடே பகுதியில் கருப்பின இளைஞர்கள் இலே ஐயே எனும் முரசுக் குழுவைத் தொடங்கினர். கருப்பர் மட்டுமே அணிவகுக்கும் குழு. 1975 திருவிழாவில் அவர்கள் வீதிக்கு வந்ததும், ஊரின் பெரிய நாளேடு 'இனவெறிக் குழு' என்று அலறியது! முந்நூறு ஆண்டுகள் சவுக்கைக் கண்டு கலங்காதவர்கள், முரசைக் கண்டு கலங்கினர். 1980ல் பாஸ்தின்யாவின் மாணவர் வழியில் வந்த மொராயெஸ், ரியோவில் பெலோரின்யோ அங்கோலா கபோய்ராக் குழுவை அமைத்தார். இடத்தைப் பறித்தனர், பெயரையாவது வைத்திருப்போம் என்பதுபோல! பின்னர் சால்வடோருக்கு வந்து, சாந்து அந்தோனியோ கோட்டையில் பள்ளி நடத்தினார். அந்தக் கோட்டை நெடுங்காலம் சிறைச்சாலையாக இருந்தது. ஆடியவனை அடைத்த ஊரில், அடைத்த இடத்திலேயே ஆட்டம்! பெட்ரோல் நிலையத்தில் இருந்த ஜொவாவ்ன் கிராண்டேயை மொராயெஸ் தேடிப் போய் அழைத்து வந்தார். 1990ல் அவர் நியூயார்க் சென்று பள்ளி தொடங்கினார். 1995ல் அமெரிக்கக் கல்லூரி ஒன்று அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் தந்தது.

பட்டம் என்றதும் நினைவுக்கு வருகிறது. 1998ல் பிரேசிலில் உடற்கல்வி ஆசிரியர் தொழிலை ஒழுங்குபடுத்த ஒரு சட்டம் வந்தது. அதைக் காட்டி, கபோய்ரா கற்பிப்பவரும் உடற்கல்விக் கழகத்தில் பதிவு பெற வேண்டும் என்று வாதிட்டனர். நூறாண்டு முன்பு, ஆடினால் சிறை. இப்போது, ஆட்டுவிக்கச் சான்றிதழ்! பள்ளிக்கூடமே தரப்படாத மக்களிடம் பட்டம் எங்கே என்று கேட்கும் அந்தத் துணிவை என்னென்பது? ஆசான்மார் எதிர்த்தனர். 2008ல் அரசின் மரபுரிமை நிறுவனம் ரோடாவையும் ஆசான் தொழிலையும் நாட்டின் பண்பாட்டுச் செல்வமாகப் பதிந்தது. 2010ல் இயற்றப்பட்ட இனச் சமத்துவச் சட்டம், பள்ளிகளில் மரபுவழி ஆசான்களே கபோய்ரா கற்பிக்கலாம் என்று விதித்தது. 2014ல் யுனெஸ்கோ ரோடாவை மானுடத்தின் மரபுச் செல்வங்களில் சேர்த்தது. பாராட்டு இதழ்கள் குவிகின்றன. அவற்றைப் பெற்றுக்கொண்ட ஆசான்மாருக்கு ஓய்வூதியம் கிடைக்கச் செய்ய வேண்டும் என்ற கோரிக்கை அந்தப் பதிவின்போதே எழுந்தது. 2018 அக்டோபரில், தேர்தல் முதற்சுற்று முடிந்த இரவில், மோவா டோ கட்டெண்டே எனும் மூத்த கபோய்ரா ஆசான், சால்வடோரின் ஒரு மதுக்கடையில் அரசியல் வாக்குவாதத்தைத் தொடர்ந்து கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார்.

வெளியிலிருந்து வந்த பகை இவ்வளவு. வட்டத்துக்குள்ளேயே இருந்த சுவரொன்றைப் பற்றிப் பேசாமல் முடிப்பது நேர்மையாகாது. கபோய்ரா நெடுங்காலம் ஆண்களின் கோட்டை. பெண்ணைப் பழிக்கும் பாடல்கள் இன்றும் சில வட்டங்களில் ஒலிக்கின்றன. மரபு என்று சொல்லி அவற்றைக் காப்பவரும் உண்டு. சவுக்கடிபட்டவனின் பாட்டு, தன் தங்கையைச் சுடலாமா? மொராயெஸின் குழுவில் பயின்ற ரோசாஞ்செலா அராவ்ஜோ, 1995ல் சாவோ பாவ்லோவில் வேறு இருவரோடு சேர்ந்து ஒரு குழுவை நிறுவினார். 17ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியரை எதிர்த்து நின்ற அங்கோலா அரசி நிசிங்காவின் பெயர் அதற்கு. ஜான்ஜா என்று கபோய்ரா உலகம் அழைக்கும் அவர், பாகியாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியருமானார். அந்தக் குழுவில் சிறுவர் சிறுமியர் ஒன்றாகவே டயரைக் கிழித்துக் கம்பி எடுக்கின்றனர். பழிப்புப் பாடல்களை எடுத்து வைத்து விவாதிக்கின்றனர். சிலவற்றின் சொல்லை மாற்றுகின்றனர். சிலவற்றைப் பாடுவதே இல்லை. வட்டத்தின் தலைமாட்டில், ஆட்டத்தை நிறுத்தவும் தொடங்கவும் அதிகாரம் கொண்ட குங்கா, ஒரு பெண்ணின் கையில் இருக்கிறது.